பச்சைச் சுவர்

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு விண்ணப்பப் படிவங்கள் இருந்தன. ஒன்று பி.காம். படிப்புக்கு. அதில் அக்காவின் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள், அப்பாவின் கையெழுத்து எல்லாம் இருந்தன. இன்னொன்று ஓவியக் கல்லூரிக்கு. அதிலும் எல்லாம் இருந்தன, அப்பாவின் கையெழுத்தைத் தவிர. எனக்கு ஒன்பது வயது. எதையும் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போதே உண்டு. குறைகிற பொருள் இன்னது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். காட்டூரில் எங்கள் தெருவில் உயிரியல் படித்த அத்தனை பேருடைய ரெக்கார்டு நோட்டிலும் தவளை அவள் வரைந்ததுதான். பதினோரு நோட்டில் ஒரே தவளை இருந்தால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார் என்று பதினோரு விதமான தவளைகள் வரைந்தாள். ஒன்று கொஞ்சம் கோபமாக இருக்கும். ஒன்று வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்த முகத்தோடு இருக்கும். அப்பா அதையெல்லாம் ஓவியக் கணக்கில் சேர்க்கவில்லை.

"தவளை வரையறதுக்கு நாலு வருஷம் காலேஜா?" என்றார்.

ஒரு வாரம் அக்கா சரியாகச் சாப்பிடாமல் இருந்த பிறகு அவரே ஒரு வழி சொன்னார். எங்கள் கோயில் வளாகத்தில் புதிதாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்தோணியார் திருவிழாவுக்குள் அதில் படம் வரைய ஆள் தேடிக்கொண்டிருந்தார் உபதேசியார். ஃபாதருக்கு அடுத்தபடியாகக் கோயில் காரியங்களைக் கவனித்தவர் அவர்தான். அந்தச் சுவரை அக்கா முடித்துக் காட்ட வேண்டும். திருவிழா அன்று அப்பா வந்து பார்ப்பார். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று சொல்வார். விண்ணப்பத்தை நேரில் கொடுக்கக் கடைசி நாள், திருவிழாவுக்கு மறுநாள்.

வரைய வேண்டிய காட்சியை உபதேசியாரே சொல்லிவிட்டார். மனிதர்கள் கேட்க மறுத்ததால் அந்தோணியார் கடற்கரையில் நின்று மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார், மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டன என்பது கதை. அக்கா இரவு முழுவதும் நோட்டில் மீன் மீனாகப் போட்டுத் தள்ளினாள். காலையில் காபி குடிக்கும்போது, "மீன் வந்துடுச்சு. எனக்குத் தண்ணி வரையத் தெரியல" என்றாள்.

தண்ணீரைப் பார்ப்பதற்காக மூன்று நாள் காலையில் ஸ்ரீரங்கம் போனோம். காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து வேறு பஸ், அம்மா மண்டபத்தில் இறங்கினால் படித்துறை. வெயில் காலத்துக் காவிரி. மணல்தான் அதிகம். மூன்று நான்கு ஓடைகளாகப் பிரிந்து தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா முதல் நாள் ஒரு கோடுகூடப் போடவில்லை. முழங்காலில் மோவாயை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருக்க முடியாத எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீரின் நிறத்தை எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: நீலம், பச்சை, சிவப்பு என்று நிறத்தின் பெயரை எழுதக் கூடாது.

"அப்ப எப்படிக்கா எழுதறது?"

"எதாட்டம் இருக்குன்னு எழுது."

அந்தப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறரை மணி, பால் காய்ச்சிக் கழுவிய பாத்திரத்தின் தண்ணீர். ஏழு, எவர்சில்வர் தட்டின் பின்பக்கம். ஏழேகால், படி நிழலில், டிகாக்ஷன். ஏழரை, துணி துவைக்கிற இடம், கஞ்சி. எட்டு, மணல் தெரிகிற இடம், சாம்பார். அதை எழுதும்போதுதான் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு படியேறி வந்த மாமி ஒருவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னடி கொழந்தே எழுதறே?"

"தண்ணி என்ன கலர்ல இருக்குன்னு எழுதறேன், ஆன்ட்டி."

அவர் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார். "காவேரியைப் போயி சாம்பார்ங்கறியேடி! பெருமாளுக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் போற ஆறு. அபசாரம்!"

"சின்னப் பொண்ணு மாமி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அக்கா எழுந்து நின்றாள்.

மாமி புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே மணல் தெரிகிற அந்தத் தண்ணீரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "சாம்பார் இல்லை. மேலாக எடுத்த ரசம். வேணும்னா அப்படி எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடித்துவிட்டு ரசம் என்று எழுதினேன். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாமி சொல்றதுதான் கரெக்டு" என்றாள்.

மூன்றாம் நாள் பட்டியலில் முப்பத்தாறு வரிகள் சேர்ந்திருந்தன. பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அதை இரண்டு முறை படித்தாள். முப்பத்தாறில் ஒன்றுகூட நீலமான பொருள் இல்லை. அதை நான் கவனித்திருக்கவில்லை, அவள் கவனித்தாள். வீட்டுக்கு வந்ததும் நீல டப்பாவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, காவி, மஞ்சள், சாம்பல் கலந்து சின்னதாக ஒரு மாதிரிப் படம் போட்டாள். கலங்கின தண்ணீர், அதில் தலை தூக்கிய மீன்கள், கரையில் அந்தோணியார். எனக்கு அந்தப் படத்துக்குள் கையை விட்டால் ஈரமாகும்போல் இருந்தது.

உபதேசியாருக்கு அப்படி இல்லை. படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மீனெல்லாம் அருமையா இருக்கும்மா. கடல் ஏன் கழனித்தண்ணியாட்டம் இருக்கு?"

"ஆத்துத் தண்ணிய பாத்துப் போட்டேன் சார்."

"சனங்க இங்க கும்புட வர்றாங்கம்மா, குளிக்க வரல. கடல்னா நீலம். நீலமாப் போட்டுடு."

அக்கா வாதாடவில்லை. அலமாரியில் இருந்த படிவம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மறுநாளே சுவரில் சாக்கட்டியால் கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கத் தொடங்கினாள். கட்டங்கள் முடிந்ததும் என்னைச் சுவருக்குக் காவல் வைத்துவிட்டு, மலைக்கோட்டைக்குக் கீழே சந்தில் இருந்த ஒரு கடைக்குப் போனாள், தூளாக விற்கும் நீலம் வாங்க. அப்போது வளாகத்தில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். பந்து பட்டுக் கட்டம் அழியக் கூடாது. அதுதான் என் காவல்.

அவள் போன அரை மணியில் மேஸ்திரி வந்தார். அந்தச் சுவரைக் கட்டிப் பூசியவர். வேறு வேலைக்காக வையம்பட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மொபெட்டை அணைக்காமலே நிறுத்தி, இறங்கி வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார்.

"செவுரு இன்னும் பச்சையா இருக்கு பாப்பா. அக்கா வந்தா சொல்லிடு."

அவ்வளவுதான். மொபெட் போய்விட்டது.

நான் சுவரைப் பார்த்தேன். சாம்பல் நிறம். முப்பத்தாறு தடவை தண்ணீரின் நிறத்தை எழுதிய கண்கள் என்னுடையவை. எனக்கா தெரியாது? ஆனாலும் பெரியவர் சொல்லிவிட்டாரே என்று அடியிலிருந்து ஒழுங்காகத் தேடினேன். இடது ஓரத்தில், குழாயடிக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு சாண் அளவுக்குப் பாசி இருந்தது. பச்சை! மேஸ்திரியின் கண்ணை மெச்சிக்கொண்டேன். குழாயில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து, பழைய துடைப்பத்தால் அதைத் தேய்த்தேன். ஓர் இடம் மட்டும் கழுவினால் திட்டாகத் தெரியுமே என்று, சாக்கட்டிக் கோடுகள் அழியாதபடி தேய்க்காமல், சுவர் நெடுக எனக்கு எட்டிய உயரம் வரைக்கும் தண்ணீர் விட்டு நனைத்தேன். பதினான்கு வாளி. எண்ணினேன்.

அக்கா வந்ததும் சொன்னேன். "மேஸ்திரி வந்தாரு. செவுத்துல பச்சை இருக்குன்னாரு. நான் கழுவிட்டேன்."

"பாசியா? சமத்து" என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

புதுப் பூச்சு காயாமல் இருந்தால் அதைக் கொத்தனார்கள் பச்சை என்பார்கள். பச்சைச் சுவரில் சுண்ணாம்பின் காரம் அடங்கியிருக்காது. ஈரம் சேரச் சேர அது வண்ணத்தைத் தின்றுவிடும். பச்சையா இருக்கு என்பதில் 'யா' என்ற ஓர் எழுத்தை நான் விழுங்கிவிட்டேன். அது எனக்கு உறைத்தது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில், கான்கிரீட் வகுப்பில். இப்போது நான் பார்க்கும் வேலையே பூச்சும் கான்கிரீட்டும் காய்ந்துவிட்டனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பதுதான். கருவியைச் சுவரில் வைக்கும்போது சில சமயம் அந்தப் பதினான்கு வாளியை நினைத்துக்கொள்வேன். வகுப்பு முடிந்த அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னும் வேற என்னென்ன எழுத்தையெல்லாம் முழுங்கி வெச்சிருக்கே?" என்று கேட்டாள்.

சுவருக்கு வருகிறேன். ஆறு நாள் வரைந்தாள். முதலில் அந்தோணியாரின் அங்கி, பிறகு கரை, பிறகு மீன்கள், கடைசியாகத் தண்ணீரும் வானமும். நீலத்தூளைப் பசையில் குழைத்து மூன்று அடர்த்திகளில் வைத்துக்கொண்டாள். கடல் மீன் அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் கெண்டை, விரால், கெளுத்தி என்று மீன் மார்க்கெட்டில் பார்த்தவற்றைப் போட்டாள். தவளைகளைப் போலவே ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். ஒரு விரால் வாயைப் பிளந்து கேட்டது. ஒரு கெளுத்தி நிச்சயமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பிரசங்கம்னா ஒருத்தராவது தூங்க வேணாமா?" என்றாள். நீலத்தை மட்டும் அளவெடுத்த மாதிரி, பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பெயின்ட் அடிப்பதுபோல் அடித்தாள்.

முடிந்தபோது திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. உபதேசியார் வந்து பார்த்து, "இதுதாம்மா கடல்" என்றார்.

மறுநாள் தண்ணீரின் அடிப்பக்கம் லேசாக மங்கியிருந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் நாங்கள் போனபோது நீலம் இல்லை. அழுக்குப் பழுப்பு. சில இடங்களில் துருப்பிடித்த தகரம், சில இடங்களில் காய்ந்த வாழைச் சருகு. அதன் மேல் கொத்துக் கொத்தாக வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மேலே வானம் மட்டும் அப்படியே நீலமாக நின்றது. நீலமும் பழுப்பும் பிரிகிற கோடு சுவர் முழுவதும் ஒரே உயரத்தில் ஓடியது. அந்த உயரம் என்ன கணக்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினாலே போதும்.

உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார். நாளைக்குத் திருவிழா, வெளியூர் ஃபாதர் வந்து சுவரை மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டும். "வெள்ளையடிச்சுட்டு மாலையப் போட்டு மறைச்சுடலாம்மா. வேற வழியில்ல." மதியச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா சுவரைப் பார்த்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்பா நாளைக்கு வந்து என்னத்தடி பாப்பாரு?" என்றார். திட்டுவதாக நினைத்துத்தான் ஆரம்பித்தார். குரல் பாதியில் உடைந்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றாள் அக்கா.

நீலத்தை மறுபடி குழைப்பாள் என்று டப்பாவை எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். படித்துறையில் உட்கார்ந்த அதே உட்கார்வு. வெள்ளைப் பூப்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நானும் வைத்தேன். உப்பு. கரித்தது, கொஞ்சம் எரிந்தது.

"இது எங்கேருந்துக்கா வருது?"

"உள்ளேருந்துதான் வருது."

"எதுக்கு?"

"தெரியலடி. இரு, பாக்கறேன்."

நகத்தால் ஓர் இடத்தைச் சுரண்டினாள். அடியில் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது. இன்னோர் இடத்தில் அடிவரைக்கும் பழுப்பு. வெயில் நகர நகர எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தாள். நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் பயந்த மாதிரி தெரியவில்லை. புதுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவள்போல் இருந்தாள். இரண்டு மணிக்குத்தான் தூரிகையை எடுத்தாள்.

தண்ணீரை அவள் தொடவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் தண்ணீருக்குத் தக்கபடி மாற்றினாள். மீன்களின் முதுகைக் கறுப்பாக்கினாள், கலங்கலில் அவை தெரிய வேண்டும் என்பதற்காக. கண்களைச் சுற்றி இருந்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டாள். மற்ற இடத்து உப்பு நுரையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தோணியாரின் அங்கி விளிம்பில் சேற்றுத் தெறிப்பு வைத்தாள். பழுப்பும் நீலமும் பிரிந்த கோட்டில் எதிர்க்கரை முளைத்தது, அதில் வரிசையாகத் தென்னைகள். ஆறு மணிக்கு உபதேசியார் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். ரொம்ப நேரம் நின்றார். வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, சுவரில் அடிக்கவும் இல்லை. ஃபாதரைக் கேட்டுவிட்டு வருவதாகப் போனவர் திரும்பி வரவில்லை.

திருவிழாப் பூசை முடிந்ததும் கூட்டம் சுவர்ப் பக்கம் திரும்பியது. பந்து விளையாடும் பையன்கள் மீன்களுக்குப் பெயர் சொல்லிச் சண்டை போட்டார்கள். "புதுத் தண்ணி வந்த காவேரியாட்டமே இருக்கு பாருங்க" என்று ஓர் அத்தை தன் மாமியாரிடம் சொன்னார். பத்து நிமிஷத்தில் உபதேசியார் கூட்டத்துக்கு நடுவே வந்துவிட்டார். "நம்ம ஊரு ஆத்துத் தண்ணியாட்டம் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்" என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

அப்பா பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். கேள்வி கேட்டால் பதில் வர வேண்டும். 'தெரியாது' என்றால் அவருடைய பேரேட்டில் பூஜ்யம்தான், வீட்டிலும் அதே கணக்கு. வாய்ப்பாட்டில் தடுமாறியதற்காக நான் எத்தனையோ பூஜ்யம் வாங்கியிருக்கிறேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக நடந்தார். தூங்குகிற கெளுத்தியிடம் சற்று நின்றார். திரும்பி வந்து அக்காவின் எதிரே நின்றார்.

"தண்ணி இப்படி வரணும்னுதான் போட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொன்னால் முடிந்தது. ஊரே நன்றாக இருக்கிறது என்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது?

"இல்லப்பா. நீலமாத்தான் போட்டேன். செவுரு மாத்திடுச்சு."

"ஏன் மாறுச்சு?"

"தெரியலப்பா."

நான் அக்காவின் தாவணியைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இதோட நிக்குமா? இன்னும் மாறுமா?"

"அதுவும் தெரியலப்பா. தினம் வந்து பாத்தாத்தான் தெரியும்."

மூன்று கேள்வி. இரண்டு தெரியாது, ஒன்று இல்லை. அப்பா சுவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணோ அவரைத் தாண்டிச் சுவரின் அடியில் எதையோ கவனித்துக்கொண்டிருந்தது. இரவில் அங்கே உப்பு இன்னும் கொஞ்சம் பூத்திருந்தது.

"ஃபாரம் கொண்டாந்திருக்கியா?"

அவள் பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்தாள். வைத்து எழுத அங்கே மேசை இல்லை. அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பிக் குனியச் சொன்னார். படிவத்தை என் முதுகில் விரித்தார். சட்டைக்கு மேலே பேனா முனை ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்தது. அவருடைய பெயர், அடியில் ஒரு கோடு, இரண்டு புள்ளி. கூசியது. ஆனாலும் அசையவில்லை. மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லாதவளுக்கு அப்பா எந்தக் கணக்கில் மார்க் போடுகிறார் என்று புரியாமல், அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிய பிறகும் அப்படியே குனிந்து நின்றேன்.